நான்கு பருவம், நாற்பது இலை

போன மாதம் ஜெனிபர் போன் செய்தாள். சாத்தான்குளத்துக்குப் பக்கத்தில் ஓர் இயற்கை விவசாயத் தோட்டம் இருக்கிறது. அங்கே பருவத்துக்கு ஒரு முறை, அந்தந்தப் பருவத்தில் விளைந்ததைக் கொண்டே நாற்பது பேருக்கு விருந்து வைப்பார்கள். பன்னிரண்டு வருஷம் அந்தச் சமையல் என் பொறுப்பு. இந்தத் தை மாதம் நான் ஓய்வு பெற்றேன். இப்போது, என்னோடு அடுப்படியில் நின்று பழகிய அவள் பொறுப்பு.

“மாஸ்டர், இப்பம் எல்லாரும் போன்லயே இடம் புக் பண்ணுதாவ. ஒரு மாசம் முன்னாடியே என்ன சாப்பாடுன்னு போட்டோவோட போடச் சொல்லி கேக்காவ. ஒரு மாசம் கழிச்சு எலையில என்ன இருக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்? நீங்க எப்படிச் சமாளிச்சீய?”

“எனக்கே அன்னைக்குக் காலையிலதான் தெரியும், ஏளா” என்றேன்.

அவள் சிரித்துவிட்டு, “அதை அப்படியே எழுதிக் குடுங்க. கேக்கவங்களுக்குக் காட்டுதேன்” என்றாள். அப்படித்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எழுத ஆரம்பித்தால் கையோடு மற்றதெல்லாம் வருகிறது.

என் பெயர் பொன்ராஜ். பதினேழு வயதில் கல்யாணச் சமையல்காரர்களோடு போய்த் தேங்காய் துருவ ஆரம்பித்தேன். பிறகு தூத்துக்குடி துறைமுகத்துக்குப் போகும் சாலையில் ஒரு ஹோட்டல். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் புரோட்டாக் கல் முன்னால் நின்றேன். லாரிக்காரர்கள் அவசரத்தில் வருவார்கள், அவசரத்தில் போவார்கள். வேகம்தான் தொழில். நாற்பத்தெட்டு வயதில் முழங்கால் இரண்டும் மடங்க மறுத்தன. சொந்த ஊர்ப் பக்கமே ஏதாவது வேலை கிடைக்குமா என்று தேடியபோதுதான் டீச்சரம்மா தோட்டத்துக்கு ஆள் கேட்கிறார்கள் என்று தெரிந்தது.

டீச்சரம்மா என்றால் வேதவல்லி டீச்சர். தென்திருப்பேரைக்காரர். பெருமாள் கோயிலைச் சுற்றி வாழ்ந்த குடும்பம். பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்று, எட்டு ஏக்கர் செம்மண்ணில் விவசாயம் செய்ய வந்தவர். மெலிந்த உருவம், தடித்த கண்ணாடி. அவர் குரலை உயர்த்தி நான் ஒரு நாளும் கேட்டதில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைப்பார். அதிக நேரம் துடைத்தால் அதிகக் கோபம்.

வேலை கேட்டுப் போன அன்று, எனக்கு என்ன சமைக்கத் தெரியும் என்று அவர் கேட்கவே இல்லை. ஓர் இலை போட்டு, அவர் கையால் சமைத்த கீரையும் ரசமும் சாதமும் பரிமாறினார். சாப்பிட்டு முடித்ததும், “கீரை எப்போ பறிச்சதா இருக்கும்?” என்றார்.

“இன்னைக்குக் காலையிலயா அம்மா?”

“நேத்திக்கு. அதான் கசக்கறது. இனிமே அதைக் கண்டுபிடிக்கறதுதான் உங்க வேலை.”

முதல் விருந்திலேயே மாட்டிக்கொண்டேன். ஹோட்டல் பழக்கம் விடுமா? சட்டைப் பையில் ஒரு பொட்டலம் சுவைத்தூள் வைத்திருந்தேன். பூசணிக்காய்க் குழம்பு கொதிக்கும்போது அதைக் கிள்ளிப் போடப் போனேன். பின்னால் டீச்சரம்மா நின்றுகொண்டிருந்தார்.

“இது எந்தப் பாத்தில விளைஞ்சது, பொன்ராஜ்?”

பொட்டலத்தைக் கைக்குள் மூடிக்கொண்டேன். அவர் திட்டவில்லை. என் கையில் ஒரு சாக்பீஸைக் கொடுத்தார். தோட்டத்து வாசலில் பழைய பள்ளிக்கூடக் கரும்பலகை ஒன்றை நிறுத்தி வைத்திருப்பார். அன்றைய இலையில் வருவது ஒவ்வொன்றும் அதில் இருக்கும். என்ன பண்டம், எந்தப் பாத்தி, எத்தனை மணிக்குப் பறித்தது என்று மூன்று வரிசை. வெளியிலிருந்து வாங்கியவையும் அதில் ஒளிவில்லாமல் இருக்கும். உப்பு, தூத்துக்குடி உப்பளம். கருப்பட்டி, உடன்குடி.

“எழுதிட்டுப் போடுங்கோ. நான் வேண்டாங்கலை” என்றார்.

பலகை முன்னால் போய் நின்றேன். விருந்தாளிகள் நாலைந்து பேர் அதற்குள் வந்து, நான் என்ன எழுதப் போகிறேன் என்று ஆவலாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பொட்டலத்தின் பெயரை எழுத எனக்குக் கை வரவில்லை. ‘வணக்கம்’ என்று எழுதிவிட்டுத் திரும்பி வந்தேன். பொட்டலம் அடுப்புக்குள் போனது.

அவர் வீட்டில் சுவாமிக்குப் படைக்கும் வரை சமையலை ருசி பார்க்க மாட்டார்கள். அந்தப் பழக்கத்தில் ஆவியை முகர்ந்தே உப்பு சொல்லிவிடுவார். “ரசத்துல ஒரு சிட்டிகை பத்தலை” என்பார். நான் அந்தப் பக்கம் போனதும் கரண்டியில் எடுத்து ருசி பார்ப்பேன். ஒரு சிட்டிகைதான் குறையும். பன்னிரண்டு வருஷத்தில் அவர் தப்பாகச் சொன்னது இரண்டு முறை. இரண்டு முறையும் அவருக்கு ஜலதோஷம்.

வருஷத்துக்கு நான்கு விருந்து. தையில் ஒன்று, சித்திரையில் ஒன்று, ஆனியில் ஒன்று, மழைக்கு முன்னால் புரட்டாசியில் ஒன்று. விருந்து நாளில் விடிந்ததும் டீச்சரம்மாவும் நானும் இசக்கியம்மாளும் பாத்தி பாத்தியாக நடப்போம். இசக்கியம்மாள் தோட்டத்து வேலைகளையெல்லாம் மேற்பார்த்தவள். அந்த நடையில்தான் சாப்பாடு முடிவாகும். கீரையை வெயில் ஏறும் முன் பறித்து ஈரத்துணியில் சுற்றி வைக்க வேண்டும். கத்தரிக்காயைக் காம்போடு பறிக்க வேண்டும். வெள்ளரி கடைசியாக, விருந்தாளிகள் வந்த பிறகு. கறிவேப்பிலையை அவர்களே பறித்துக் கொண்டுவந்து தருவார்கள். பெரிய பெரிய உத்தியோகத்தில் இருப்பவர்கள் ஆளுக்கு ஓர் இணுக்கு கறிவேப்பிலையைப் பிடித்துக்கொண்டு என் அடுப்பு முன்னால் வரிசையில் நிற்பதைப் பார்க்க எனக்குச் சிரிப்பாக வரும்.

மாலை ஐந்து மணிக்கு இலை போடுவோம். வெளிச்சம் இருக்கும்போதே சாப்பிட்டுவிட வேண்டும் என்பது டீச்சரம்மாவின் விதி. எதைச் சாப்பிடுகிறோம் என்று கண்ணுக்குத் தெரிய வேண்டாமா என்பார். ஆனியில் காற்றுக்கு இலை பறக்கும் என்பதால் மேற்குப் பக்கம் பனையோலைத் தட்டி கட்டி மறைப்போம்.

தூத்துக்குடியிலிருந்துதான் நிறையப் பேர் வருவார்கள். கடற்கரைக்காரர்களுக்கு மீன் இல்லாமல் சாப்பாடு இறங்குமா? மூன்றாவது வருஷம் சேவியர் அண்ணாச்சி என்று ஒருவர் வந்தார். சொந்தமாக இரண்டு விசைப்படகு. மனைவி வற்புறுத்தி அழைத்து வந்திருந்தார். இலையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “எல்லாம் சரி, மீன் எங்க?” என்றார்.

“கடல் எங்க தோட்டத்துல இல்லையே” என்றார் டீச்சரம்மா.

நான் சேனைக்கிழங்கை நீளவாக்கில் வெட்டி, மிளகும் சீரகமும் பூண்டும் அரைத்துத் தடவித் தோசைக்கல்லில் பொரித்து வைத்திருந்தேன். அவர் ஒன்றைத் தின்றார். இன்னொன்றைத் தின்றார். பக்கத்து இலையில் மனைவியுடையதை எடுத்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு ரகசியமாக, “சத்தியமாச் சொல்லும், இது சீலா மீனுதான?” என்றார். அதிலிருந்து ஒரு விருந்தையும் அவர் விட்டதில்லை.

இனி நான் சொல்ல வந்த நாளைச் சொல்ல வேண்டும். ஐந்தாவது வருஷம் ஆனி விருந்து.

அன்று டீச்சரம்மா காலை நடை முடிந்ததும் ஓர் உறவினர் வீட்டு விசேஷத்துக்காகத் திருச்செந்தூர் போயிருந்தார். பதினொன்றுக்குள் வந்துவிடுவதாகச் சொன்னார். மேற்கே நான்கு பாத்திகள் அந்த முறை கொழித்துக் கிடந்தன. கத்தரி, தண்டுக்கீரை, அவரை, வெள்ளரி. ஆறரை மணிக்கே இரண்டு கூடை கத்தரிக்காய் பறித்து வரப்பில் வைத்துவிட்டு, அடுப்பு மூட்டப் போனேன். எண்ணெய்க் கத்தரிக்காய்தான் அன்றைய ராஜா.

எட்டு மணிக்கு மேல் காற்று எழும்பியது. சிறிது நேரத்தில் இசக்கியம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தாள். “மாஸ்டரே, மேக்க வந்து பாருங்க.”

மேற்கு வேலிக்கு அந்தப் பக்கம் தங்கபாண்டி அண்ணாச்சியின் முருங்கைத் தோட்டம். முதுகில் ஸ்பிரேயரைக் கட்டிக்கொண்டு பூச்சிமருந்து அடித்துக்கொண்டிருந்தார். மேல்காற்று அதை அப்படியே எங்கள் பாத்திகள் மேல் கொண்டுவந்து இறைத்தது. வரப்பில் இருந்த கத்தரிக்காய்க் கூடைகளைத் தொட்டு முகர்ந்தேன். நெடி குப்பென்று ஏறியது.

வேலிக்கு ஓடிப் போய்க் கத்தினேன். “அண்ணாச்சி, என்ன செய்தீய? இங்கன நாப்பது பேரு சாப்பிட வாராவ!”

அவர் கையை நிறுத்தினார். ஆனால் வாய் நிற்கவில்லை. “என் தோட்டத்துல நான் மருந்தடிக்கேன். கம்பளிப்புழு மரத்த மொட்டையாக்குது. உங்க டீச்சரம்மாவா வந்து எனக்குக் கஞ்சி ஊத்துவாவ? காத்த நானா புடிச்சுத் தள்ளுதேன்?”

திரும்பி வந்தேன். அதற்குப் பிறகு நான் செய்ததைத்தான் ஜெனிபரிடம்கூட இதுவரை சொன்னதில்லை. கூடைகளைத் தூக்கிக்கொண்டு சமையல் கொட்டகைக்குப் போனேன். உப்புத் தண்ணீரில் ஒரு தடவை, புளித் தண்ணீரில் ஒரு தடவை, மறுபடி நல்ல தண்ணீரில் ஒரு தடவை கத்தரிக்காயைக் கழுவினேன். நெடி போய்விட்டது. சந்தையில் விற்கிற காயெல்லாம் மருந்தடித்ததுதானே, அதைத் தின்றுவிட்டு ஊரே நடமாடவில்லையா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு நறுக்க ஆரம்பித்தேன். இசக்கியம்மாள் என் முகத்தையே பார்த்தாள். “நீ போய் வெங்காயத்த உரி” என்றேன்.

டீச்சரம்மா பதினொன்றுக்கு வந்தார். “எல்லாம் ஆச்சா?” என்றார். “ஆச்சு அம்மா” என்றேன். பன்னிரண்டு மணிக்கு வழக்கம்போல் பலகையில் எழுதப் போனேன். உப்பு எழுதினேன், கருப்பட்டி எழுதினேன். ‘கத்தரிக்காய், மேற்குப் பாத்தி, காலை’ என்று எழுதியதோடு கை நின்றுவிட்டது. ஆறரை என்று எழுதினால் அதில் பொய் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு நடந்ததற்கு அந்தப் பலகையில் வரிசை இல்லை. சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு நேரே அவரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கழுவியதையும் நறுக்கியதையும், மூன்று மணி நேரம் வாயைத் திறக்காமல் இருந்ததையும் சொன்னேன்.

கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு சொன்னார். “நறுக்கினதைக் குழி வெட்டிப் புதைச்சுடுங்கோ. உரக்குழில போடப்படாது. மேக்க நாலு பாத்தியும் இன்னிக்கு இல்லைன்னு வச்சுக்கோங்கோ. கிழக்க என்ன இருக்கு?”

“வாழை இருக்கு. சேனை இருக்கு. மாங்காய். கிணத்துப் பக்கம் நம்ம முருங்கை. தேங்காய்.”

“மணி பன்னெண்டரை. அஞ்சுக்கு இலை. முடியுமா?”

“முடியும் அம்மா.”

அவ்வளவுதான் பேச்சு. அவர் கிளம்பி மேற்கு வேலிக்குப் போனார். சண்டை போடத்தான் போகிறார் என்று நானும் பின்னால் போனேன். தங்கபாண்டி அண்ணாச்சி ஒரு பனைமர நிழலில் உட்கார்ந்திருந்தார். இவரைக் கண்டதும் எழுந்து, சண்டைக்குத் தயாராகத் துண்டை உதறித் தோளில் போட்டார்.

“எத்தனை மரத்துல புழு?” என்றார் டீச்சரம்மா.

“முக்காவாசிக்கு மேல புடிச்சிட்டு, டீச்சரம்மா.”

“அடடா” என்றார். உண்மையான வருத்தத்தோடு சொன்னார். “சாயங்காலம் அஞ்சு மணிக்கு வாங்கோ. உங்களுக்கு ஒரு இலை போட்டிருக்கேன்.” சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். அண்ணாச்சி என்னைப் பார்த்தார். எனக்கும் ஒன்றும் புரியவில்லை.

அதன் பிறகு நான்கரை மணி நேரம் நாங்கள் வேலை செய்த வேகத்துக்கு ஹோட்டல் வேகம் கிட்டே நிற்காது. இரண்டு வாழைத்தார் இறங்கியது. நாற்பது பேருக்கு வாழைப்பூ ஆய்வது என்றால் சும்மா இல்லை. ஒவ்வொரு பூவிலும் நரம்பு எடுக்க வேண்டும். டீச்சரம்மாவே கையில் எண்ணெயைத் தடவிக்கொண்டு எங்களோடு உட்கார்ந்துவிட்டார். எண்ணெயை மீறி அவர் விரலெல்லாம் கறுத்துப் போனது. வாழைப்பூ வடை, வாழைத்தண்டுப் பச்சடி, சேனை வறுவல், மாங்காய்ப் புளிக்கறி, எங்கள் முருங்கைக்காயும் சின்ன வெங்காயமும் போட்டுத் தேங்காய்ப்பாலில் ஒரு சோதி. இனிப்புக்குக் கருப்பட்டிப் பாயசம். ஆனால் ஆனி வெக்கைக்குக் குளிர்ச்சியாக ஒன்றுமில்லை. வெள்ளரியை நம்பியிருந்தோம்.

இரண்டு மணி இருக்கும். வேலிப் படலைத் திறந்துகொண்டு தங்கபாண்டி அண்ணாச்சி வந்தார். தலையில் பெரிய ஓலைப்பெட்டி. பெட்டி நிறைய நுங்கு. இறக்கி வைத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல், “இதுல மருந்து கெடையாது. பனைக்கு எவன் மருந்தடிக்கான்?” என்றார்.

டீச்சரம்மா கறுத்த விரல்களோடு எழுந்து போய்ப் பலகையில் அவரே எழுதினார். ‘நுங்கு, பக்கத்துத் தோட்டம், தங்கபாண்டி அண்ணாச்சி, மதியம் இரண்டு மணி.’ அண்ணாச்சி பலகை முன்னால் நின்று அதை வாய்விட்டுப் படித்தார். பிறகு இன்னொரு பெட்டி நுங்குக்குப் போனார்.

ஐந்து மணிக்கு இலை போட்டோம். அண்ணாச்சி வெள்ளை வேட்டி சட்டையில், நெற்றியில் திருநீற்றோடு வந்து கடைசி இலையில் உட்கார்ந்தார். பரிமாறிக்கொண்டிருக்கும்போதே டீச்சரம்மா விருந்தாளிகளிடம் சொன்னார். “இன்னிக்குக் கத்தரிக்காயும் கீரையும் தர்றதா இருந்தோம். காலம்பற பக்கத்துல அடிச்ச மருந்து காத்துல வந்து பாத்தில விழுந்துடுத்து. அதனால நாலு பாத்தியை விட்டுட்டோம். கிழக்க விளைஞ்சதைத்தான் சமைச்சிருக்கோம். யாருக்காவது ஏமாத்தமா இருந்தா மன்னிக்கணும்.” நான் கழுவி நறுக்கியதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வங்கியில் வேலை பார்க்கும் ஓர் அம்மா, “யாருங்க மருந்தடிச்சது? சொல்லி வைக்கக் கூடாதா?” என்று கேட்டார்.

நான் சோதி வாளியோடு நடுவில் நிற்கிறேன். எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அப்போது கடைசி இலையிலிருந்து தங்கபாண்டி அண்ணாச்சி எழுந்து நின்றார்.

“நாந்தாம்மா அடிச்சேன். புழுவ மட்டுந்தான் பாத்தேன். காத்தப் பாக்கல. தப்புதான்.”

டீச்சரம்மா என் பக்கம் திரும்பி, சாதாரணக் குரலில், “பொன்ராஜ், அண்ணாச்சி இலையில சோதி குறைச்சலா இருக்கு பாருங்கோ” என்றார்.

யாரோ சிரித்தார்கள். அப்புறம் எல்லோரும். அந்த வங்கி அம்மாவும் சிரித்துவிட்டு, “உக்காருங்கண்ணா, சாப்பிடுங்க” என்றார். சாப்பாடு நடக்க நடக்க அண்ணாச்சியைச் சுற்றிக் கேள்விகள். கம்பளிப்புழு எப்படி இருக்கும், எப்போது வரும், எப்படிப் போகும்? நாற்பது வருஷம் விவசாயம் பார்த்த மனிதரிடம் அதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை போலிருக்கிறது. சோற்றில் விரலால் கோடு போட்டுக் காட்டிக் காட்டிச் சொன்னார்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த சேவியர் அண்ணாச்சி கடைசியில் வாயைத் திறந்தார். “காத்து தெரியாம கடலுக்குப் போனா நாங்க கரை ஏற முடியாது. நீரு மருந்தடிக்குமுன்ன எனக்கு ஒரு போன் போடும். எப்பம் எழும்பும், எப்பம் அடங்கும்னு நான் சொல்லுதேன்.”

விளையாட்டுக்குச் சொன்னார் என்றுதான் நினைத்தோம். ஆனால் தங்கபாண்டி அண்ணாச்சி நிஜமாகவே போன் போட்டார். முருங்கைக்கு மருந்தடிக்கச் சாத்தான்குளத்திலிருந்து ஒருவர் தூத்துக்குடிப் படகுக்காரரிடம் காற்று விசாரிப்பதை எங்கேயாவது கேட்டிருக்கிறீர்களா? இரண்டு பேரும் சம்பந்தி போலப் பழகிவிட்டார்கள். மறு வருஷம் எங்கள் வேலியை ஒட்டிய எட்டு வரிசை மரங்களுக்கு அவர் மருந்தடிப்பதை நிறுத்தினார். டீச்சரம்மா வேப்பங்கொட்டைக் கரைசல் போடச் சொல்லிக் கொடுத்தார். அவருடைய மற்ற மரங்களுக்கு இன்றைக்கும் மருந்துதான். “முழுசும் மாறச் சொல்லாதிய, டீச்சரம்மா, எனக்கு அவ்வளவு தெம்பு கெடையாது” என்பார். டீச்சரம்மாவும் சொல்ல மாட்டார்.

அன்று எல்லோரும் போன பிறகு டீச்சரம்மா என்னைக் கூப்பிட்டார். காலையில் நடந்ததற்கு இப்போது வாங்கப் போகிறேன் என்று நினைத்தேன். “மூணு மணி நேரம் லேட்டா சொன்னேள். ஆனா இலை போடறதுக்கு முன்னாடி சொல்லிட்டேள்” என்றார். அதற்கு மேல் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. அப்புறம் ஏழு வருஷம் நான் அவரிடம் எதையும் மூன்று நிமிஷம்கூடத் தாமதித்துச் சொன்னதில்லை.

இந்தத் தையில் எனக்கு வழியனுப்பு. “சமைக்கப்படாது, உக்காந்து சாப்பிடணும். ஆத்துக்காரியை அழைச்சுண்டு வாங்கோ” என்று டீச்சரம்மா உத்தரவு போட்டுவிட்டார்.

என் மனைவி கனகம் பஜாரில் தையல் கடை வைத்திருக்கிறாள். அத்தனை வருஷமும் அவள் அந்தத் தோட்டத்துப் பக்கமே வந்ததில்லை. “கத்தரிக்காயத் திங்க தூத்துக்குடியிலிருந்து காரு போட்டு வாராவளா? கோட்டிக்காரப் பயலுவ” என்பது அவள் முடிவு. கடையைப் பூட்ட மனமில்லாமல் முணுமுணுத்துக்கொண்டேதான் வந்தாள்.

இலையில் உட்கார்ந்தால் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாம்பார் வாளி தூரத்தில் காலியாவது தெரிகிறது, கால் தானாக எழும்புகிறது. கனகம் என் முழங்காலை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். “உக்காருங்க. அந்தப் பிள்ள பாத்துக்கிடுவா.” ஜெனிபர் பார்த்துக்கொண்டாள். அவரைக்காய்ப் பொரியலில் என் கைக்கு வராத ஒரு பதம் அவளுக்கு வந்திருந்தது. பொறாமையாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. சந்தோஷம்தான் கூட.

கனகம் மொச்சைக் குழம்பை இரண்டாவது முறை கேட்டு வாங்கினாள். சர்க்கரைப் பொங்கலை வழித்துச் சாப்பிட்டாள். பிறகு எழுந்து போய்ப் பாத்தி பாத்தியாகப் பார்த்துவிட்டு வந்தாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தவள் பாதி வழியில் கேட்டாள். “அடுத்தது எப்பம்?”

“சித்திரையில. ஆனா எனக்கு என்ன? நான்தான் ரிட்டையர் ஆயிட்டேனே.”

“நீங்கதான ரிட்டையரு” என்றாள் கனகம். “எனக்கு ஒரு எல சொல்லி வையுங்க.”